கடல் கடந்த கவர்னர்கள் – 17: பதவி அந்தக் கரையில், கைது இந்தக் கரையில்

1740 டிசம்பர் 2. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பதினேழு இயக்குநர்கள் நெதர்லாந்தில் கூடி, குஸ்தாஃப் வில்லெம் ஃபான் இம்ஹோஃப் பிரபுவைக் கீழை நாடுகளுக்கான கவர்னர் ஜெனரலாக நியமிக்கிறார்கள்.

1740 டிசம்பர் 6. ஜாவாத் தீவின் பட்டேவியாவில், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கவர்னர் ஜெனரல் அத்ரியான் ஃபால்கெனியர், அதே இம்ஹோஃபைக் கைது செய்கிறார்.

நடுவில் நான்கே நாள். ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவில் ஏழெட்டு மாதக் கடல். தான் சிறைப்பிடித்த ஆள்தான் தன் நாற்காலிக்கு வரப்போகிறவர் என்று ஃபால்கெனியருக்குத் தெரியாது. தாங்கள் மாலை போட்ட ஆள் காவலில் இருக்கிறார் என்று பதினேழு பேருக்கும் தெரியாது. கைதானவருக்கும் தெரியாது.

இந்த இரண்டு தேதிகளும் கண்ணில் பட்டதிலிருந்து எனக்கு வேறெதிலும் மனம் ஓடவில்லை. இந்த வாரம் குளச்சல் போர் என்று சொல்லியிருந்தேன். குளச்சல் எங்கும் ஓடிவிடாது. இந்தக் கைதுக்குள் நுழைந்தால்தான் குளச்சலே சரியாக விளங்கும் என்பது என் கட்சி. பக்கம் மீந்தால் கடைசியில் எட்டிப் பார்ப்போம்.

தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும்: 1705ல் லேர் என்ற கிழக்கு ஃப்ரீஸ்லாந்து ஊரில் பிறந்த ஜெர்மன் பிரபு, 1725ல் கம்பெனியில் சேர்ந்து பட்டேவியா வந்தார், பெரிய இடத்தில் பெண் எடுத்தார், மளமளவென்று ஏறினார். அவ்வளவுதான். மீதிக்குப் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளுங்கள்.

1736 ஜூலையில் இம்ஹோஃப் இலங்கையின் கவர்னராகக் கொழும்பில் பொறுப்பேற்றபோது, அவருக்கு 31 வயது முடியச் சில நாட்கள் பாக்கி. அந்த வயதுக்கு அது மிகப் பெரிய பதவி. மிக மோசமான பதவியும்கூட. அவருக்குப் பத்து வருஷம் முன்னால் அங்கே கவர்னராக இருந்தவர் பெத்ருஸ் ஃபைஸ்ட். தனக்கு எதிராகச் சதி நடக்கிறது என்ற பயத்தில் சொந்த ஆட்களையே பிடித்துச் சித்திரவதை செய்து கொன்ற மனிதர். கம்பெனி பொறுத்துப் பார்த்து, 1729ல் அவரைப் பிடித்துப் பட்டேவியாவுக்கு இழுத்துப்போய் விசாரித்து, 1732ல் மரண தண்டனையும் நிறைவேற்றியது. தன் கவர்னரையே கம்பெனி கொன்றது எப்போதாவது நடக்கிற காரியம். அடுத்து வந்த வெர்ஸ்லைஸ் அரிசி விலையில் விளையாடினார், ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள், அவரும் போனார். அதற்குப் பிறகு வந்தவர்கள் காலத்தில் பட்டை உரிப்பவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

பட்டை என்றால் நம் வீட்டுப் பிரியாணிப் பட்டை. ஈழத்தில் கறுவா என்பார்கள். கம்பெனி இலங்கையில் காலூன்றியதற்கே காரணம் அதுதான். அந்தக் காலத்தில் கறுவாவைத் தோட்டம் போட்டு வளர்க்கவில்லை. காட்டில் தானாக வளர்ந்ததைத் தேடிப்போய் உரித்தார்கள். உரிப்பது சலாகம சாதியாரின் கட்டாய ஊழியம். சிறு பையனாக இருக்கும்போதே அவன் தலைக்கு இவ்வளவு பட்டை என்று அளவு விதித்துவிடுவார்கள். வயது ஏற ஏற அளவும் ஏறும். தாங்க முடியாதவர்கள் கண்டி ராஜ்யத்துக்குள் ஓடிப்போனார்கள். நல்ல கறுவாக் காடுகள் பல கண்டி அரசரின் எல்லைக்குள்ளேயே இருந்ததால், அவர் முகம் சுளித்தால் ஆம்ஸ்டர்டாம் சந்தைக்குச் சரக்கு வராது. அதே கம்பெனி பிற்காலத்தில், விலை விழுந்துவிடக் கூடாது என்று ஆம்ஸ்டர்டாமில் மலை மலையாய்ப் பட்டையைக் கொளுத்தியது தனிக் கதை.

இம்ஹோஃப் இந்தச் சிக்கலைத் தணித்தார். கண்டியோடு சமாதானம் பேசினார், உரிப்பவர்களைத் திரும்பி வரவைத்தார். அவர் காலத்திலேயே, 1739ல் கண்டியில் நரேந்திரசிங்க மன்னர் வாரிசில்லாமல் இறந்தார். மதுரையிலிருந்து போன நாயக்கர் குலத்து ராணியின் சகோதரர் ஸ்ரீ விஜய ராஜசிங்கனாகப் பட்டத்துக்கு வந்தார். கண்டியில் நாயக்கர் ஆட்சி ஆரம்பித்தது இப்படித்தான். துறைமுகம் எல்லாம் கம்பெனி கையில். மதுரைப் பக்கமிருந்து பெண் எடுக்க வேண்டுமென்றால்கூடக் கண்டி அரசர் டச்சுக் கப்பலைத்தான் கேட்க வேண்டும். இம்ஹோஃபும் அவருக்குப் பின் வந்தவர்களும் இந்தக் கப்பல் பேரத்தை நன்றாகவே பயன்படுத்தினார்கள்.

கொழும்பு அச்சுக்கூடத்தையும் சொல்லாமல் தாண்ட முடியாது. 1737ல் அங்கிருந்து முதல் சிங்கள அச்சுப் புத்தகம், ஒரு ஜெபப் புத்தகம், வெளிவந்தது. எழுத்துகளை வெட்டிக்கொடுத்தவர் கம்பெனியின் ஆயுதச் சாலைப் பொறுப்பாளர் காப்ரியேல் ஸ்காடே. துப்பாக்கியும் பீரங்கியும் பழுது பார்க்கிற பட்டறைக்காரர் கையில் சிங்கள அச்செழுத்து பிறந்தது எனக்குப் பிடித்த விஷயம். இரண்டு வருஷத்தில் தமிழ்ப் புத்தகமும் அங்கே அச்சேறியது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் அச்சுக்கூடம் வைத்துக் கால் நூற்றாண்டு ஆகியிருந்த நேரம். அவரும் ஜெர்மானியர், இம்ஹோஃபும் ஜெர்மானியர். ஒருவர் டென்மார்க் ராஜாவின் சம்பளத்தில், இன்னொருவர் டச்சுக் கம்பெனியின் சம்பளத்தில். அந்த நூற்றாண்டில் ஜெர்மன் மண் தனக்கென்று பெரிதாகக் குடியேற்ற நாடு வைத்துக்கொள்ளவில்லை, அடுத்தவர்களின் குடியேற்ற நாடுகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தது. டச்சுக் கம்பெனியின் சிப்பாய்களில் பெரும்பங்கு ஜெர்மன்காரர்கள்தான். பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் கொஞ்சம் மேல் படியில் ஏறிக்கொண்டார்கள்.

இனி, இந்த வாரத்துக் கதைக்கு மிகவும் தேவையான ஒரு விஷயம். கிழக்கில் கம்பெனிக்கு எத்தனையோ கோட்டைகள். எல்லாரும் பட்டேவியாவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பட்டேவியா நெதர்லாந்துக்கு எழுதும். கப்பல்களும் அப்படியே, எல்லாச் சரக்கும் பட்டேவியா போய்த்தான் ஐரோப்பாவுக்குப் போகும். இலங்கைக்கு மட்டும் சலுகை. காலி துறைமுகத்திலிருந்து கறுவா ஏற்றிய கப்பல் நேராகத் தாய்நாட்டுக்குப் போகலாம். சரக்கு நேராகப் போனால் கடிதமும் நேராகப் போகும். கொழும்பு கவர்னர் என்ன நினைக்கிறார், எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைப் பதினேழு பேரும் பட்டேவியாவின் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டியதில்லை, நேரடியாகவே படித்துத் தெரிந்துகொள்வார்கள்.

இம்ஹோஃபோ எழுத்தில் மன்னன். 1740ல் கொழும்பை விட்டுக் கிளம்பும்போது, தனக்குப் பின் வந்த வில்லெம் மௌரிட்ஸ் ப்ரைனிங்க்குக்கு எழுதிக்கொடுத்த நீண்ட குறிப்பு இன்றைக்கும் இலங்கை வரலாற்றுக்காரர்களுக்கு ஒரு சுரங்கம். யார் எப்படிப்பட்டவர், எந்தக் கணக்கில் ஓட்டை, எந்த அதிகாரத்தில் எந்த நோய் என்று பிரித்துப் பிரித்து வைத்திருப்பார். அந்தக் கவர்னரின் கண் கொழும்போடு நிற்கவில்லை. யாழ்ப்பாணம், மன்னார், கடலுக்கு இந்தப் பக்கம் தூத்துக்குடி எல்லாம் கொழும்புக்குக் கட்டுப்பட்டவை. தூத்துக்குடிச் சங்கும் முத்தும் கொழும்பின் கணக்கேட்டில்தான் ஏறின.

பேனா பிடித்தால் இப்படி. வாயைத் திறந்தால் வேறு ஆள்.

1739 தொடக்கத்தில் அவர் மலையாளக் கரைக்குப் போனார். மிளகு வியாபாரம் கம்பெனியின் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. காரணம், பக்கத்துச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா. இம்ஹோஃப் அவரை மிரட்டினார்: பிடித்ததை எல்லாம் விட்டுவிடு, இல்லையென்றால் படையெடுப்போம். மகாராஜா, வந்தால் காட்டுக்குள் போய்விடுவேன் என்றாராம். எங்கே போனாலும் துரத்துவோம் என்றாராம் இவர். அப்படியானால் என் மீனவர்களையும் வள்ளங்களையும் கூட்டிக்கொண்டு நான் ஐரோப்பாவின் மேல் படையெடுப்பது பற்றி யோசிக்கிறேன் என்றாராம் அவர். திருவிதாங்கூர் வரலாறுகள் ரசித்து ரசித்துச் சொல்லும் உரையாடல் இது. வார்த்தைக்கு வார்த்தை இப்படித்தான் நடந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இம்ஹோஃப் அதற்குப் பிறகு செய்தது ஆவணங்களில் இருக்கிறது: போர் வேண்டும் என்று மேலிடத்தில் அடித்துப் பேசினார்.

அந்தப் போரை மூட்டிவிட்டு அவர் 1740ல் பட்டேவியாவுக்குக் கிளம்பிவிட்டார், கவுன்சில் உறுப்பினராக. அங்கேதான் ஃபால்கெனியர்.

பட்டேவியா அப்போது புழுங்கிக்கொண்டிருந்தது. நகரைச் சுற்றிலும் கரும்பு ஆலைகள், அவற்றில் சீனத் தொழிலாளர்கள். உலகச் சந்தையில் ஜாவா சர்க்கரையின் விலை விழுந்தது. ஆலைகள் மூடின. வேலையில்லாத சீனர்கள் கூட்டம் கூட்டமாக அலைந்தார்கள். குடியிருப்பு அனுமதிச் சீட்டு இல்லாதவர்களைப் பிடிக்கிறோம் என்று கம்பெனி அதிகாரிகள் சீட்டு வைத்திருந்தவர்களிடமும் லஞ்சம் கறந்தார்கள். 1740 ஜூலையில் கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது. சந்தேகத்துக்குரிய சீனர் யாராக இருந்தாலும், கையில் சீட்டு இருந்தாலும், பிடிக்கலாம். நாடு கடத்தலாம். எங்கே? இலங்கைக்கு, கறுவா உரிக்க. இந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் வேறு யாருமில்லை, கறுவாவுக்கு ஆள் கிடைக்காத பாட்டை நான்கு வருஷம் கொழும்பில் பட்டு வந்த நம் இம்ஹோஃப்.

பிறகு ஒரு வதந்தி பரவியது. இலங்கைக்கு என்று கப்பலில் ஏற்றப்படுகிறவர்கள் இலங்கை போய்ச் சேருவதில்லை, ஜாவாக் கரை கண்ணுக்கு மறைந்ததும் கடலில் தள்ளிவிடுகிறார்கள் என்று. அக்டோபர் முதல் வாரத்தில் நகருக்கு வெளியே சீனர்கள் ஆயுதம் எடுத்தார்கள், டச்சுச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 9 முதல் நகருக்குள் கொலை தொடங்கியது. வீடு வீடாக. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளையும் சிறையில் இருந்தவர்களையும்கூட விடவில்லை. வெட்டிய தலைக்குப் பரிசு அறிவித்தார்கள். செத்தவர்கள் சுமார் 10,000 பேர் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கணக்கு. சீனர் தெருக்கள் எரிந்து சாம்பலாயின.

ரத்தம் காய்வதற்குள் கவுன்சிலில் சண்டை: பழி யார் மேல்? இம்ஹோஃப் தான் ஆரம்பத்திலிருந்தே நிதானம் சொன்னவன் என்றார். ஜூலைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இதைச் சொன்னது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஆனாலும் படுகொலைக்கு உத்தரவாதி கவர்னர் ஜெனரல்தான் என்பதில் அவர் சொன்னது பொய்யில்லை. ஃபால்கெனியருக்குப் பொறுமை தீர்ந்தது. டிசம்பர் 6 அன்று இம்ஹோஃபையும், அவரோடு சேர்ந்த தெ ஹாஸே, ஃபான் ஸ்கின்னே என்ற இரண்டு கவுன்சிலர்களையும் கீழ்ப்படியாமைக் குற்றத்துக்காகக் கைது செய்தார். 1741 ஜனவரியில் மூவரையும் தனித்தனிக் கப்பலில் ஏற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒழிந்தது சனியன் என்று நினைத்திருப்பார்.

இப்போது கடலின் மேல் ஒரு பறவைப் பார்வை பார்க்க வேண்டும்.

கிழக்கிலிருந்து மேற்கே ஒரு கப்பல் போகிறது, உள்ளே கைதியாக இம்ஹோஃப். மேற்கிலிருந்து கிழக்கே ஒரு கப்பல் வருகிறது, உள்ளே இம்ஹோஃபைக் கவர்னர் ஜெனரலாக்கிய உத்தரவு. ஏதோ ஒரு கடலில், ஏதோ ஓர் இரவில், ஒன்றையொன்று அறியாமல் இரண்டும் தாண்டிப் போயிருக்க வேண்டும். உத்தரவு பட்டேவியாவில் இறங்கியபோது பதவிக்குரியவர் அங்கே இல்லை. அவரை ஊரை விட்டு அனுப்பிய கையே அந்த உறையைப் பிரித்தது. கல்கியோ சாண்டில்யனோ இப்படி ஓர் அத்தியாயம் எழுதியிருந்தால் தற்செயல் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லியிருப்போம்.

1741 செப்டம்பரில் இம்ஹோஃப் நெதர்லாந்தில் இறங்கினார். கப்பலில் எட்டு மாதம். எட்டு மாதம் ஒரு கெட்டிக்காரனைச் சும்மா உட்கார வைத்தால் என்ன செய்வான்? வாதத்தைத் தீட்டுவான். நவம்பர் 24 அன்று பதினேழு பேர் முன்னால் அவர் வைத்தது தற்காப்பு வாதம் மட்டுமல்ல. கம்பெனியின் இன்றைய நிலை பற்றிய ஆலோசனைகள் என்று ஒரு முழு அறிக்கை. எங்கே நஷ்டம், ஏன் நஷ்டம், எந்தச் சரக்கில் பிடிவாதத்தை விட வேண்டும், தனியாருக்கு எந்த வியாபாரத்தைத் திறந்துவிட வேண்டும் என்று வரிசையாக. குற்றவாளிக் கூண்டில் ஏற வந்தவர் அதிலிருந்து நிர்வாக ஆலோசகராக இறங்கினார். குற்றச்சாட்டுகள் தள்ளுபடி. பதவி உறுதி.

மறுபக்கம் ஃபால்கெனியர். 1741 நவம்பரில் யோஹான்னஸ் தேதென்ஸ் என்பவரிடம் தற்காலிகமாகப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, கப்பல் கூட்டத்துக்கே தலைமை தாங்கிக் கம்பீரமாகத் தாய்நாட்டுக்குப் புறப்பட்டார். 1742 ஜனவரியில் நன்னம்பிக்கை முனை. கேப் டவுன் கவர்னர் ஸ்வெல்லென்க்ரேபல் வந்து மரியாதையாக அவரைக் கைது செய்தார். பதினேழு பேரின் உத்தரவு அவருக்கு முன்னாலேயே அங்கே வந்து காத்திருந்தது. இந்த முறை கடிதம் மனிதனை முந்திக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவரைப் பட்டேவியாவுக்கே திருப்பி அனுப்பி, தான் ஆண்ட கோட்டைக்குள்ளேயே அடைத்தார்கள்.

1742 அக்டோபரில் ‘ஹெர்ஸ்டெல்லர்’ என்ற கப்பலில் கிளம்பி, வழியில் கேப் டவுனில் நிர்வாகத்துக்கும் நாலு ஆலோசனை எழுதிக்கொடுத்துவிட்டு, 1743 மே மாதம் இம்ஹோஃப் பட்டேவியாவில் கரையேறினார், கவர்னர் ஜெனரலாக. பழைய கவர்னர் ஜெனரல் உள்ளே, புதியவர் வெளியே. 1744ல் ஃபால்கெனியருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அவர் மறு விசாரணை கேட்டார். ஐரோப்பாவிலிருந்து ஆவணம் வர வேண்டும் என்றார். திரும்பவும் கப்பல், திரும்பவும் காத்திருப்பு. ஏழெட்டு வருஷம் அறைக்குள்ளேயே கழிந்து, 1751 ஜூனில் சிறையில் இறந்தார். மரண தண்டனையை 1755ல் ரத்து செய்தார்கள், செத்தவருக்கு.

எனக்கு ஃபால்கெனியர் மேல் இரக்கம் இல்லை, 10,000 பிணங்களுக்குப் பிறகு இரக்கம் எங்கிருந்து வரும்? ஆனால் அதே ஜூலைத் தீர்மானத்தில் கை வைத்த இருவரில் ஒருவர் சிறைக்கும் ஒருவர் சிம்மாசனத்துக்கும் போனதற்கு நியாயம் மட்டும் காரணமில்லை. யார் முதலில் நெதர்லாந்தில் இறங்கிப் பேசினாரோ அவர் கதைதான் நின்றது. ஃபால்கெனியர் தன் எதிரியைத் தானே கப்பல் செலவு போட்டு நீதிபதிகளிடம் கொண்டுபோய் விட்டார்.

இம்ஹோஃப் என்ற பெயரைத் தேடிப்போகும்போது சென்னையிலும் ஒரு இம்ஹோஃப் இடறுகிறார், அவரையும் பார்த்துவிடுவோம். நியூரம்பெர்க் நகரத்தின் பழைய வணிகப் பிரபுக் குலம் இம்ஹோஃப். குங்குமப்பூவும் மசாலாவும் விற்றுச் செழித்தவர்கள். நம் கவர்னரின் கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக் கிளையும் அங்கிருந்து பிரிந்ததுதான். அதே குலத்தில் இன்னொரு கிளையின் பிரபு, கார்ல் ஃபான் இம்ஹோஃப், குட்டி உருவப்படங்கள் வரைகிறவர், 1769ல் ‘டியூக் ஆஃப் கிராஃப்டன்’ கப்பலில் மனைவி மரியானுடன் மதராஸுக்குப் புறப்பட்டார். அதே கப்பலில் மதராஸ் கவுன்சிலில் இரண்டாம் இடத்துக்கு வந்துகொண்டிருந்தார் வாரன் ஹேஸ்டிங்ஸ். வழியில் ஹேஸ்டிங்ஸ் நோயில் விழ, மரியான் பணிவிடை செய்ய, மதராஸ் கரை வருவதற்குள் விஷயம் முற்றிவிட்டது. கணவர் ஐரோப்பா திரும்பினார். ஜெர்மனியில் விவாகரத்து முடிந்து, அந்தச் செய்தி கல்கத்தா வந்து சேர்ந்ததும், 1777ல் மரியான் திருமதி ஹேஸ்டிங்ஸ் ஆனார். இங்கேயும் ஒரு கப்பல், ஒரு கவர்னர் ஜெனரல், கடிதத்துக்குக் காத்த வருஷங்கள். இம்ஹோஃப் குலத்துக்கே கடலில் ஏதோ கணக்கு பாக்கி இருந்திருக்கிறது.

பட்டேவியாவுக்குத் திரும்புவோம். ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டாவது போன் வந்துவிட்டது.

கவர்னர் ஜெனரல் இம்ஹோஃப் ஒரு சுழல்காற்று. 1743ல் மாலுமிகளுக்குப் பயிற்சிப் பள்ளி. அது நடந்த சிவப்பு வீடு, அவரே 1730ல் கட்டிய ‘தோக்கோ மேரா’, இன்றைக்கும் ஜகார்த்தாவின் காலி பெசார் வாய்க்கால் ஓரம் நிற்கிறது. 1744ல் தீவின் உள்நாட்டுக்குச் சுற்றுப்பயணம் போனவர், மலையடிவாரத்தில் குளிர்ந்த ஓர் இடத்தைப் பார்த்துத் தனக்கு ஒரு மாளிகைக்கு மனை போட்டார். இன்றைய போகோர் நகரமும் ஜனாதிபதி மாளிகையும் அந்த மனையில் முளைத்தவை. 1744ல் ஒரு செய்தித்தாள் வெளிவர அனுமதித்தார். கம்பெனியின் வியாபார ரகசியம் வெளியே போய்விடும் என்று பதினேழு பேரும் பயந்து, இரண்டு வருஷத்துக்குள் அதை மூடச் சொன்னார்கள். 1746ல் ஒரு வங்கி.

அதே 1746ல், ஆகஸ்ட் 26 அன்று, அவர் செய்த காரியத்துக்காகத்தான் இந்த அத்தியாயத்தை இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன். பட்டேவியாவில் ஒரு தபால் ஆபீஸ் திறந்தார். இந்தோனேசியாவின் முதல் தபால் ஆபீஸ் என்று அதைத்தான் கணக்கு வைக்கிறார்கள். கடிதங்கள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், குறிப்பாக வந்துபோகிற வியாபாரிகளுக்கு ஒரு நிச்சயம் வேண்டும் என்பது நோக்கம். கப்பலில் எட்டு மாதம் கைதியாகப் போனபோது, தன் பதவிக் கடிதம் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்ட மனிதர் அவர். இந்த உலகத்தில் தபால் ஆபீஸ் திறக்க அவரை விடத் தகுதியான கவர்னர் உண்டா?

இதே சுறுசுறுப்போடு 1745ல் அபின் வியாபாரத்துக்கும் ஒரு சங்கம் ஆரம்பித்தார். வங்காளத்து அபின் ஜாவாவில் விற்கும் தனியுரிமை அதற்கு. பங்குதாரர்கள் கம்பெனியின் பெரிய அதிகாரிகளே. கவர்னர் ஜெனரலும் அதில் ஒருவர். சீர்திருத்தக்காரர் என்று அவரைப் புகழ்கிற புத்தகங்கள் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டிவிடும்.

வாய் என்று சொன்னேனே, அது ஜாவாவிலும் அவரை விடவில்லை. மாத்தாராம் ராஜ்யத்தின் சுசுஹூனான் இரண்டாம் பாக்குபுவோனோ, சீனர் கிளர்ச்சியை அடுத்து வந்த போரில் ஆட்டம் கண்டு, 1743ல் வடகரைப் பகுதிகளைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்திருந்தார். அவருடைய தம்பி மங்குபூமி. ஒரு கலகக்காரனை அடக்குபவருக்கு 3,000 குடும்பங்கள் கொண்ட நிலம் என்று அரசர் அறிவித்திருந்தார். மங்குபூமி அடக்கினார், நிலம் கேட்டார். தம்பிக்கு அவ்வளவு கொடுக்கக் கூடாது என்று அரசருக்கு ஓதப்பட்டது. 1746ல் சுரகர்த்தா அரண்மனைக்கு வந்த இம்ஹோஃப், அரசர் சொல்லைத் தட்டிப் பேராசைப்படுகிறாய் என்று மங்குபூமியை அவையில் எல்லார் முன்னாலும் கண்டித்தார்.

ஜாவா அரண்மனையில், குரலே உயராத அந்த அவையில், இளவரசர் ஒருவரை நாலு பேர் முன்னால் வெள்ளைக்காரர் திட்டுவது என்றால் என்ன என்று இம்ஹோஃபுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபது வருஷம் கிழக்கில் இருந்தவர். மங்குபூமி அங்கிருந்து வெளியேறிக் கொடி தூக்கினார். போர் 1757 வரை நடந்தது. 1755ல் கியான்தி ஒப்பந்தத்தில் மாத்தாராம் இரண்டாக வெட்டப்பட்டது. ஒரு பாதி சுரகர்த்தா. மறு பாதி யோக்யகர்த்தா, அதன் முதல் சுல்தான் அதே மங்குபூமி. இன்றைக்கும் யோக்யகர்த்தாவை ஆளும் சுல்தான் வம்சம் அவருடையது.

திருவிதாங்கூரில் ஒரு மகாராஜா, மாத்தாராமில் ஓர் இளவரசர். இருவரிடமும் ஒரே தப்பு. காகிதத்தில் அந்த நாடுகளின் வரவு செலவை அவரைப் போலப் புரிந்துகொண்ட டச்சுக்காரர் அபூர்வம். எதிரே நிற்கிற ராஜாவுக்கு மானம் என்று ஒன்று உண்டு என்பதை மட்டும் அவருடைய கணக்கேடு எந்தப் பக்கத்திலும் காட்டவில்லை.

1750 நவம்பர் 1 அன்று, மங்குபூமியின் போர் ஓயாத நிலையில், இம்ஹோஃப் பட்டேவியாவில் இறந்தார். வயது 45. அதே ஊரின் கோட்டைச் சிறையில் அப்போது ஃபால்கெனியர் உயிரோடிருந்தார். கைது செய்தவர் கைதானவரை விட ஏழு மாதம் அதிகம் வாழ்ந்தார்.

குளச்சலுக்கு இடம் இல்லை. ஆனால் முன்னோட்டமாக ஒரு தேதி. குளச்சல் கடற்கரையில் டச்சுப்படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது 1741 ஆகஸ்டில். அந்தப் போரைக் கேட்டு வாங்கிய இம்ஹோஃப் அந்த நேரத்தில் கைதியாக நடுக்கடலில் இருந்தார். கொழும்பு உதவிக்குப் படை கேட்டது, பட்டேவியாவால் அனுப்ப முடியவில்லை. ஏனென்றால் சீனர் படுகொலை ஜாவா முழுக்கப் போராக வெடித்திருந்தது. அதாவது, 1740 ஜூலையில் அவர் முன்மொழிந்த தீர்மானம் சுற்றிச் சுற்றி வந்து, 1739ல் அவர் மிரட்டிய மகாராஜாவுக்கே சாதகமாக முடிந்தது. இதை விரித்துச் சொல்லத்தான் ஒரு வாரம் முழுசாக வேண்டும்.

அடுத்த வாரம் நிச்சயம் குளச்சல்தான். அங்கே பிடிபட்டு, மகாராஜாவின் தளபதியாகவே மாறிய தெ லன்னாய் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும். கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வாருங்கள், அடுத்த அத்தியாயம் படிக்க வசதியாக இருக்கும்.

(தொடரும்)